கரண்ட் வைக்கிற டாக்டர்

சார், வணக்கம்.

நான் அரூர் பக்கம். அரசுப் பேருந்தில் நடத்துநர், 22 வருட சர்வீஸ். பெரும்பாலும் பெங்களூர் ரூட். உங்கள் கட்டுரைகளை மகள்தான் போனில் காட்டுவாள். உங்கள் அம்மாவைச் சிகிச்சைக்காகப் பெங்களூர் கூட்டிக்கொண்டு போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். 7.5 சதவீத ஒதுக்கீடு வந்த 2020-ஆம் வருடமே எம்பிபிஎஸ் கிடைத்தது. எங்கள் வகையறாவிலேயே முதல் டாக்டர். மேற்படிப்புக்கு ரேடியேஷன் ஆன்காலஜி எடுத்து, அதிலேயே ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்கிறாள். முதலில் ரேடியாலஜி என்று நினைத்து சந்தோஷப்பட்டோம், ஸ்கேன் சென்டர் வைக்கலாம் என்று. அது வேறு இது வேறு என்று சொல்லிவிட்டாள். "கேன்சருக்குக் கரண்ட் வைக்கிற டாக்டரா? அந்த ரூமிலேயே கிடந்தால் நாளைக்குக் குழந்தை நிற்குமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். வீட்டில் அவள் அம்மா அழுகிறாள். எனக்கு அந்தப் பயத்தைவிட வேறு ஒரு சந்தேகம். கேன்சருக்கு மருந்து கண்டுபிடிப்பதெல்லாம் அமெரிக்காவில் செய்கிற வேலை. நம் ஊர்ப் பெண் இதில் என்ன ஆராய்ச்சி செய்துவிட முடியும்? ஆராய்ச்சி என்றால் இவர்கள் உண்மையில் என்னதான் செய்வார்கள்?

பஸ்ஸில் அந்தப் பெரிய எக்ஸ்ரே கவரோடு ஏறுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். ஒரு மாசம் தினமும் வருவார்கள். அப்புறம் வரமாட்டார்கள். என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரியாது. அதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் மகள் இதில் போகவேண்டாம் என்று தோன்றுகிறது. உங்கள் அபிப்பிராயம் வேண்டும். பெயர் போடவேண்டாம்.

---

அன்புள்ள அண்ணா,

சார் எல்லாம் வேண்டாம், உங்களைவிடச் சின்னவன் நான். பெயரைப் போடவில்லை. அரூர் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாசம் தினமும் ஏறுவார்கள், அப்புறம் வரமாட்டார்கள், என்ன ஆனார்கள் என்று தெரியாது. நேற்று ராத்திரி அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். உங்கள் மகள் செய்யப்போகிற ஆராய்ச்சி அதுதான் அண்ணா. கவரோடு ஏறிய அந்த அம்மா என்ன ஆனார் என்று தெரிந்துகொள்வது. ஒருத்தரை மட்டும் இல்லை, ஐந்நூறு பேரை, ஆயிரம் பேரை, ஐந்து வருடம் பத்து வருடம் விடாமல் கேட்டுக் கேட்டு எழுதிவைப்பது. அடுத்து ஏறுகிறவருக்கு அந்த ஒரு மாசத்தைக் குறைக்க முடியுமா, அவருக்கு வருகிற கஷ்டத்தைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது. புது மருந்து கண்டுபிடிப்பதும் ஆராய்ச்சிதான். ஆனால் இந்தத் துறையில் மனுஷர்களுடைய வாழ்க்கையை மாற்றிய பல விஷயங்கள் இப்படி எண்ணிக்கொண்டே இருந்ததில் வந்தவை.

முதலில் அண்ணி அழுகிற விஷயம். கரண்ட் வைக்கும்போது, அதாவது கதிர் சிகிச்சை கொடுக்கும்போது, டாக்டர் அந்த அறைக்குள் இருப்பதே இல்லை. என் அம்மாவை மேஜையில் படுக்கவைப்பார்கள், வயிற்றில் மார்க்கரால் போட்ட கோடும் சுவரிலிருந்து வரும் லேசர் கோடும் ஒன்றாகிற வரைக்கும் இப்படி அப்படி நகர்த்துவார்கள், பிறகு எல்லாரும் வெளியே வந்து கனமான கதவைச் சாத்தியபிறகுதான் மெஷின் ஓடும். ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனான கான்கிரீட் சுவர். வெளியே உட்கார்ந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லினாக் என்கிற மெஷின் மின்சாரத்தில் ஓடுவது, நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். கோபால்ட் மெஷினில் மட்டும் கதிர் வீசும் பொருள் எப்போதும் உள்ளே இருக்கும், அதைக் கனமான கவசத்துக்குள் அடைத்திருப்பார்கள். அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவர் சட்டையிலும் டிஎல்டி பேட்ஜ் என்று ஒன்று குத்தியிருக்கும், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி எவ்வளவு கதிர் பட்டது என்று அளப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கிற வரம்பு, ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படுகிற கதிரை அளக்கிற அலகு), எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு மிச்ச மாதம் முழுவதுக்கும் சேர்த்து 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டே இந்தத் துறையில் வேலை செய்கிற பெண் டாக்டர்கள் எத்தனையோ பேர். அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட வேண்டும். அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போர்டு மாட்டி இந்தப் படிப்பை வைத்து கிளினிக் நடத்த முடியாது. மெஷின் கோடிக்கணக்கில் ஆகும், தனியாகக் கட்டடம் வேண்டும், கதிரின் அளவைக் கணக்குப் போடுவதற்கு மெடிக்கல் பிசிசிஸ்ட் வேண்டும். அதனால் யாரோ ஒருவருடைய ஆஸ்பத்திரியில்தான் கடைசி வரை வேலை. கவுன்சிலிங்கில் முதலில் தீர்ந்துபோகிற இடங்களில் இது இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். தெரிந்துதான் உங்கள் மகள் கேட்கிறாள் என்று நினைக்கிறேன்.

சரி, ஆராய்ச்சி என்றால் என்ன செய்வார்கள்?

ஒரு கிடாக் கதை சொல்கிறேன். 1920-களில் பாரிஸ் ரேடியம் இன்ஸ்டிட்யூட்டில் கிளாடியஸ் ரெகோ என்று ஒரு டாக்டர். அப்போது கதிர் சிகிச்சை புதுசு. ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895, கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடித்தது 1898. ஒரே தடவையில் பலமாகக் கொடுத்துப் புற்றைக் கருக்கிவிட வேண்டும் என்றுதான் நிறையப் பேர் நம்பினார்கள். தோல் வெந்து, புண்ணாகி, ஆறாமல் போகும். ரெகோ கிடாய்களின் விதையில் கதிரைக் கொடுத்துப் பார்த்தார். ஒரே தடவையில் கொடுத்தால், கிடா மலடாகிற அளவுக்குப் போவதற்குள் மேல்தோல் பாழாகிவிடுகிறது. அதையே கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாளுக்குப் பிரித்துக் கொடுத்தால் கிடா மலடாகிவிடுகிறது, தோலோ தாங்கிக்கொள்கிறது. விந்து உண்டாக்குகிற செல்கள் வேகமாகப் பெருகுகிறவை, புற்றுநோய் செல் மாதிரி. தோலுக்கு இடையில் நேரம் கொடுத்தால் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இதை வைத்து அதே இடத்தில் ஆன்ரி கூத்தார் என்கிற டாக்டர் தொண்டைப் புற்றுநோய்க்காரர்களுக்கு வாரக்கணக்கில் பிரித்துக் கொடுத்துக் குணமாக்கிக் காட்டினார். உங்கள் பஸ்ஸில் ஒரு மாசம் தினமும் ஏறுகிறார்களே, அந்த ஒரு மாசம் அங்கிருந்து வந்தது.

ஆனால் 25 நாள்தானா? அதற்குக் குறைத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி ஒரு டாக்டருடைய வாழ்நாளையே எடுத்துக்கொள்ளக்கூடியது. மார்புப் புற்றுநோயில் இங்கிலாந்துக்காரர்கள் கேட்டார்கள். 5 வாரம் 25 நாள் கொடுப்பதற்குப் பதில் 3 வாரம் 15 நாள் கொடுத்தால் போதுமா என்று 1999-இல் ஒரு சோதனையில் ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள், 2,215 பெண்கள். முடிவு வெளியானது 2008-இல். போதும் என்று தெரிந்தது. அதோடு விடவில்லை. 15 நாளை 5 நாளாக்கினால்? 2011-இலிருந்து 2014 வரை 97 மருத்துவமனைகளில் 4,096 பேரைச் சேர்த்து, ஐந்து வருடம் பின்தொடர்ந்து, 2020-இல் ஃபாஸ்ட் ஃபார்வர்ட் என்ற அந்த ஆய்வின் முடிவைச் சொன்னார்கள். 15 நாள் வாங்கியவர்களில் அதே மார்பில் திரும்ப வந்தது நூற்றுக்கு 2.1 பேருக்கு, 5 நாளில் 26 கிரே (கிரே என்பது கொடுக்கிற கதிரின் அளவு) வாங்கியவர்களில் 1.4 பேருக்கு. 25 நாள் வேலை 5 நாளில் முடிகிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது இந்த ஒரு விஷயத்துக்கு. நீங்கள் டிக்கெட் கிழிக்கிறவர், உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, 25 நாள் போக வர என்றால் 50 டிக்கெட், கூட வருகிறவருக்கு இன்னொரு 50. ஊத்தங்கரையில் கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு அது 10 டிக்கெட்டாகக் குறைகிறது, கூட வருகிற மகனுக்கு 20 நாள் வேலை மிச்சமாகிறது. சிகிச்சையை எடுத்துக்கொள்வதா பாதியில் விடுவதா என்பதே நம் பக்கம் பல வீட்டில் இந்தக் கணக்கில்தான் முடிவாகிறது.

எலும்பில் பரவி வலியில் துடிக்கிறவர்களுக்கு 8 கிரே ஒரே ஒரு நாள் கொடுத்தாலே, பல நாள் கொடுப்பதற்குச் சமமாக வலி குறைகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மறுபடி ஒருமுறை தேவைப்படுகிறவர்கள் அதில் அதிகம், அவ்வளவுதான். அந்த வலியோடு சீட்டில் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இப்போது என் அம்மா. 2012. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரி. முதல் இரண்டு வாரம் பக்கத்தில் ரூம் எடுத்துத் தங்கினோம், கையிலிருந்தது தீர்ந்தது, அப்புறம் காவேரிப்பட்டணத்திலிருந்து விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி தினமும் போய்வந்தோம். ஒருவேளை உங்கள் பஸ்ஸில்கூட ஏறியிருப்போம். கரண்ட் வைப்பதற்கு முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இருக்கவேண்டும் என்பார்கள். எதற்கு என்று யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. மூத்திரப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளப்பட்டு கதிரின் வழியிலிருந்து விலகும் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாவின் முறை வருகிற நேரத்தில் சில நாள் மெஷின் தகராறு செய்யும். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, புடவை முந்தானையை வயிற்றோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அடக்க முடியாமல் போய்விட்டது. அன்று திரும்புகிற வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆரம்பிப்பதற்கே பத்து நாள் தள்ளிப்போட்டார்கள், ஹீமோகுளோபின் 7 தான் இருக்கிறது, ரத்தம் ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று. எனக்குக் கோபம். கேன்சருக்கு வந்தால் ரத்தசோகையைப் பற்றிப் பேசுகிறார்களே என்று. வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது. லூயி ஹெரால்டு கிரே என்று இங்கிலாந்தில் ஒரு இயற்பியல்காரர். அம்மாவின் ஃபைலில் "50 கிரே" என்று எழுதியிருந்ததே, அந்த அளவுக்கே அவர் பெயர்தான், 1975-இல் வைத்தார்கள். ஆக்சிஜன் கிடைக்காத செல்லைக் கதிரால் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு வரைக்கும் கதிர் தேவைப்படும் என்பதை 1950-களில் அவரும் கூட்டாளிகளும் எடுத்துக்காட்டினார்கள். செல்லுக்கு ஆக்சிஜனைக் கொண்டுபோவது ரத்தம்தான், அதனால் ரத்தம் குறைவாக இருக்கிற பெண்ணுக்குக் கதிர் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்கிற கவலை அங்கிருந்து வருகிறது. களியும் கீரைக்குழம்பும் தின்று வயலில் நின்று, நாலு பிள்ளை பெற்று, வாழ்நாளெல்லாம் ரத்தசோகையோடே இருக்கிற நம் பக்கத்துப் பெண்களுக்கு இது ரொம்பவும் பொருந்துகிற விஷயம்.

அப்போ ரத்தத்தைக் கூட்டுகிற ஊசியைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும், இல்லையா? எனக்கும் தோன்றியது. அதையும் சோதித்திருக்கிறார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரர்கள் 351 பேரில் பாதிப்பேருக்கு எபோய்டின் ஊசியைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2003-இல் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் நன்றாக ஏறியது. ஆனால் நோய் கட்டுப்படுவது ஊசி போட்டவர்களிடம் மோசமாக இருந்தது. நல்லது என்று எல்லாருக்கும் பட்ட ஒன்று கெடுதல் செய்கிறது என்பதைச் சோதித்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள், நல்லெண்ணத்தில் ஊசி போட்டுக்கொண்டே இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆராய்ச்சி எதற்கு, பேசாமல் வைத்தியம் பார்க்க வேண்டியதுதானே என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்ல மனசு வராத ஒன்று. நடுவில் மெஷின் ரிப்பேரில் மூன்று நாள் போனது. சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக நாங்களாகவே இரண்டு நாள் விட்டோம். கடைசியில் உள்ளே வைக்கிற கரண்ட் எல்லாம் சேர்த்து 63 நாள் ஆனது. இந்தப் புற்றுநோய்க்கு வெளிக்கதிர், உட்கதிர் இரண்டையும் 8 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும், அதற்குமேல் தள்ளுகிற ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படுகிற வாய்ப்பை ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இடைவெளி விட்டால் மிஞ்சிய புற்று செல்கள் மறுபடி பெருகும். எனக்கு அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருக்கமாட்டேன். அம்மா பிழைத்துவிட்டாள். இதே போல விட்ட எல்லாருடைய அம்மாவும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

பிழைத்தாள், ஆனால் குடல் கெட்டுப்போனது. இரண்டு வருடம் கழித்து ஆரம்பித்தது, அடிக்கடி வெளியே போகவேண்டும், சில நாள் ரத்தம். பஸ்ஸில் ஏறுவதையே விட்டுவிட்டாள். தங்கை வீடு தருமபுரியில், ஒரு மணி நேரம்கூட இல்லை, போவதில்லை. நடுவில் வந்துவிட்டால் என்ன செய்வது, கண்டக்டரிடம் எப்படிச் சொல்வது என்பாள். இதை நான் ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொன்னதில்லை. உயிர் இருக்கிறது, இதையெல்லாம் போய்ச் சொல்வதா என்று விட்டுவிட்டோம்.

2017-இல் ஒரு போன். ஆஸ்பத்திரியிலிருந்து, மேற்படிப்பு படிக்கிற ஒரு சின்ன டாக்டர் பெண். அம்மா எப்படி இருக்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளியே போகிறார், ரத்தம் வருகிறதா, ராத்திரி எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஐந்து வருடம் கழித்து இது எதற்கு என்று எரிச்சலில் வைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி கூப்பிட்டாள். அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் சரியாக வரவில்லை, தெலுங்குக்காரி. அம்மா தெலுங்கில் ஆரம்பித்துவிட்டாள், நம் பக்கத்து மூன்று பாஷையும் கலந்த தெலுங்கு. இருபது நிமிஷம் பேசினாள் அண்ணா. பஸ் ஏறாததைச் சொன்னாள். கல்யாணங்களுக்குப் போகாததைச் சொன்னாள். அன்றைக்கு பெஞ்சில் நடந்ததைக்கூடச் சொன்னாள், என்னிடமே பேசாத விஷயம். வைத்துவிட்டு, "பிள்ளை எல்லாத்தையும் எழுதிக்கிட்டா" என்றாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதியை அந்த ஐந்து வருடத்தில் நான் பார்த்ததில்லை. ஒரு மாத்திரையும் எழுதிக்கொடுத்தாள் அந்தப் பெண், பாதி சரியானது. ஆராய்ச்சி என்ன செய்யும் என்று கேட்டீர்களே, எங்கள் வீட்டில் அது ஒரு போனாகத்தான் வந்தது.

இப்படிக் கேட்டு எழுதியதன் பலன் என்ன என்பதையும் சொல்கிறேன். மும்பை டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரியில் சுப்ரியா சோப்ரா என்கிற டாக்டரும் குழுவும் 300 பெண்களைச் சேர்த்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து கதிர் வாங்கவேண்டியவர்கள். பாதிப்பேருக்குப் பழைய முறை, பாதிப்பேருக்கு தினமும் படம் எடுத்துப் பார்த்து குடலை விலக்கிக் கதிரை வளைத்துக் கொடுக்கிற புது முறை. மூன்று வருடம் கழித்துக் குடல் கோளாறு எத்தனை பேருக்கு என்று பார்த்தால், பழைய முறையில் நூற்றுக்கு 42 பேர், புது முறையில் 21 பேர். பாதியாகக் குறைந்துவிட்டது. 2021-இல் வெளியானது. அம்மாவுக்கு நடந்தது வேறு வகைச் சிகிச்சை என்றாலும், அந்த 42, 21 என்கிற எண்களைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது பஸ்ஸில் ஏறுகிற பெண்களும் ஏறாத பெண்களும்தான்.

அமெரிக்காக்காரன் செய்வான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களும் செய்கிறார்கள்தான். 1999-இல் அமெரிக்காவில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் கதிரோடு சிஸ்பிளாட்டின் கீமோவையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று ஐந்து ஆய்வுகளை வைத்து அறிவித்தார்கள். ஆனால் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிற பெண்கள் வேறு. முற்றிய நிலையில், எலும்பும் தோலுமாக, ரத்தமில்லாமல் வருகிறவர்கள். அவர்கள் உடம்பு கீமோவைத் தாங்குமா, அதனால் பலன் உண்டா? டாடா மெமோரியலில் 2003 முதல் 2011 வரை, மூன்றாம் நிலையில் வந்த 850 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் கதிர் மட்டும் வாங்கியவர்களில் நூற்றுக்கு 46, கீமோவும் சேர்த்தவர்களில் 54. அந்த எட்டுப் பேர் எங்கள் ஊர் சந்தையில் தக்காளிக்கூடை தூக்குகிற பெண்களைப் போன்றவர்கள். இந்தக் கேள்வியை ஹூஸ்டனில் உட்கார்ந்துகொண்டு யாரும் நமக்காகக் கேட்டுத்தர மாட்டார்கள். நான் சொன்னேனே, அந்த 5 நாள் மார்பு சிகிச்சை, அதையும் இங்கே நம் பெண்களுக்கு ஒத்துவருகிறதா என்று கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டர்காரர்கள் 2019-இல் தனியாக ஒரு சோதனையை ஆரம்பித்தார்கள்.

சென்னையை ஏன் விடவேண்டும்? முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-இல் அடையாறில் கேன்சர் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். 1950-களிலேயே அங்கே கோபால்ட் மெஷின் வந்துவிட்டது. டாக்டர் சாந்தா 1955-இல் அங்கே சேர்ந்து, 2021-இல் இறக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தவர். வாய்ப் புற்றுக்குக் கதிரோடு பிளியோமைசின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகிறது என்று அவரும் அங்கேயே வேலை செய்த டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1970-களிலேயே முறையாகச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். வெற்றிலை புகையிலை போடுகிற ஊருக்கு எந்த நோய் முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று பார்த்துக் கேட்ட கேள்வி அது.

உங்கள் மகளிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. தமிழ் தெரியும். அரூர்ப் பக்கத்துப் பெண், தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்து வளர்ந்திருப்பாள். ஆய்வில் சேர்ப்பதற்கு முன்னால் நோயாளியிடம் சம்மதம் வாங்கவேண்டும், வெறும் கைநாட்டு இல்லை, இரண்டு முறை இருக்கிறது, எது நல்லது என்று எங்களுக்கே இன்னும் தெரியாது, சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி ஏதோ ஒன்றில் சேர்ப்போம், வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வைத்தியம் நிற்காது என்பதெல்லாம் அவருக்குப் புரியவேண்டும். புரியவைப்பது சாதாரண வேலை இல்லை. அப்புறம் ஐந்து வருடம் அவரைத் தொலைத்துவிடாமல் இருக்கவேண்டும். நம்பர் மாறிவிடும், திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், பக்கத்து வீட்டு நம்பருக்குக் கூப்பிட வேண்டும், பஞ்சாயத்து ஆபீசில் கேட்க வேண்டும். ஆள் தொலைந்தால் ஆய்வே தொலைந்தது. அஞ்செட்டிக்கு எந்த பஸ் போகும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று தெரிந்த வீட்டிலிருந்து வருகிற டாக்டருக்கு இது கைவந்த வேலை.

வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மகளுக்கே என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். எம்டி மூன்று வருடம், அதில் தீசிஸ் உண்டு. அந்தத் தீசிஸை எப்படியோ முடித்துக் கொடுக்கிற சடங்காக நினைக்காமல் ஒரு உண்மையான கேள்வியை எடுக்கச் சொல்லுங்கள். புள்ளியியல் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், அதில் டாக்டர்கள் நிறையப் பேர் அடுத்தவரை நம்பியே காலம் தள்ளுகிறார்கள். எந்தச் சோதனையையும் ஆள் சேர்ப்பதற்கு முன்னால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதியவேண்டும், எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்க வேண்டும். அந்தப் பேப்பர் வேலையில் சலிப்பு வரும். அதன்பின் ஆய்வுகள் நடக்கிற ஒரு பெரிய இடத்தில் சீனியர் ரெசிடென்டாகச் சேர்ந்து கூட நின்று பார்த்தால்தான் வேலை பிடிபடும். சம்பளம் உங்கள் சொந்தக்காரர் பையன் ஸ்கேன் சென்டரில் பார்ப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒரு கேள்விக்குப் பதில் வர பத்துப் பதினைந்து வருடம் ஆகும். 28 வயதில் கேட்ட கேள்விக்கு 43 வயதில் பதில். நடுவில் அவள் பேர் எங்கேயும் வராது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு அவள் போகட்டும், நீங்கள் தடுக்காதீர்கள். என் அபிப்பிராயம் அதுதான்.

நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து அவள் மனசு கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். கெடும், சில நாள் ரொம்பவே கெடும். ஆனால் நீங்களும் 22 வருடமாக அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், என்ன ஆனார்கள் என்று தெரியாமலே. அவளுக்குத் தெரிந்துகொள்ள வழி இருக்கும்.

அம்மாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 68 வயது, திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு தீசிஸுக்கு யாரையாவது கேக்கணும்னா என்னைக் கேக்கச் சொல்லு, எல்லாம் சொல்றேன்" என்றாள். கவுன்சிலிங்குக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு காவேரிப்பட்டணம் வாருங்கள். வருவதாக இருந்தால் முந்தின நாள் ஒரு மெசேஜ் போடுங்கள், பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்து கூட்டிப்போகிறேன்.